எது இறங்குதோ அது

கீமோ ஏற்றிய வாரத்தில் அம்மாவுக்குச் சுத்தமாக ஆகாதது தாளிப்பு, எண்ணெய் காய்ந்து கடுகு பொரிவதற்குள் உள்ளறையிலிருந்து குரல் வந்துவிடும், அடுப்பை அணைத்துவிட வேண்டும், அதனால் தண்டலத்தில் நாங்கள் குடியிருக்கும் இந்த மூன்றாவது மாடி வீட்டில் கொஞ்ச காலமாகத் தாளிக்காத ரசம், தாளிக்காத கீரை, ஆறவைத்த இட்லி. ஆறின சாப்பாட்டுக்கு வாசனை குறைவு, வாசனை குறைந்தால் குமட்டலும் குறையும் என்று டயட்டீஷியன் பெண் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கறிவேப்பிலை மணக்காத வீட்டில் பொழுது போவதே தெரிவதில்லை, மத்தியானம் எது, சாயங்காலம் எது என்று ஹைவேயில் போகும் கம்பெனி பஸ்களை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீழ்த்தளத்தில் ஒடிசாப் பையன்கள் சிலர் ஒரே அறையில் தங்கி ஒரகடத்தில் வேலைக்குப் போகிறார்கள், ஒரு சாயங்காலம் அவர்கள் கருவாடு சுட்ட வாசனை மாடியேறி வந்தது, நான் பதறிப்போய் ஜன்னலைச் சாத்தப் போனேன், "சாத்தாதடா, இருக்கட்டும்" என்றாள் அம்மா, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த வாசனையிலேயே இருந்தாள், எனக்கும் அவளுக்கும் ஒரே இடம்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அது செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம், அம்மாவைப் பெற்ற ஆயாவின் ஓட்டு வீடு, எழுபதுகளின் கடைசி. தாத்தாவுக்குத் தொண்டையில் வந்திருந்தது, அந்த வியாதியின் பெயரை வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள், கேட்டால் "அண்ணாவுக்கு வந்ததுதான்" என்பார் தாத்தா, கொஞ்சம் பெருமையாகக்கூட. முதலமைச்சராக இருந்த அண்ணாவுக்கு உணவுக்குழாயில் வந்து, 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் ஆபரேஷன் செய்து, திரும்பி வந்தும், ஆபரேஷன் நடந்த ஐந்து மாதத்துக்குள், 1969 பிப்ரவரி 3ஆம் தேதி போய்விட்டார், அவர் நினைவாகக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் எழுந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்குத்தான் தாத்தாவைக் கதிர்வீச்சுக்கு, வீட்டுப் பேச்சில் கரண்ட் வைக்க, பஸ்ஸில் கூட்டிப் போவார்கள். கரண்ட் வைத்த சில வாரங்களில் எச்சில் வற்றிப்போய், நாக்கு வெந்து, உப்புக்கல் பட்டாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும், காரம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆயா கேவரு கூழை மோர் விட்டு நீர்க்கக் கரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டி, பித்தளை லோட்டாவை விட்டுவிட்டு ஒரு பீங்கான் கோப்பையில் கொடுப்பாள், உலோகம் பட்டால் வாய் கசக்கிறது என்று தாத்தா ஒரு தடவை முகம் சுளித்ததைப் பார்த்து வைத்துக்கொண்டவள் அவள். இன்றைக்கு டயட்டீஷியன் எவர்சில்வர் ஸ்பூனை ஒதுக்கச் சொன்னதும் எனக்கு அந்தக் கோப்பைதான் கண்ணில் நின்றது.

கூழ் ஒன்றும் ருசியில்லாத சமாசாரம், தாத்தா வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொள்வார், ஆயா தோட்டத்துப் பக்கம் போய்த் தணலில் நாலே நாலு நெத்திலிக் கருவாட்டைப் போடுவாள், வாசனை திண்ணைக்கு வரும், தாத்தா எழுந்து உட்காருவார், கருவாட்டைத் தொடமுடியாது, தொடவும் மாட்டார், அந்த வாசனையை வைத்துக்கொண்டே கோப்பையைக் காலி பண்ணிவிடுவார், சுட்ட நெத்திலி எங்கள் வாய்க்கு வந்து சேரும். கூழ் தாத்தாவைக் காப்பாற்றவில்லை, அடுத்த ஆடிக்கு அவர் இல்லை, ஆனால் கடைசி வரைக்கும் பசியோடு படுத்தவரில்லை.

பெரியம்மாவோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனது பிறகு பல வருஷம் கழித்து. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது, நாங்கள் போன காலத்தில் ஆந்திராவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் சுற்றுத் தெருக்களில் அறை எடுத்து ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் பக்கத்து அறையில் ஒரு தெலுங்குக்காரக் கிழவி, மகனுக்காகச் சோற்றைக் குழைய வடித்துத் தயிர் விட்டுக் கையாலேயே பிசைந்து, ஒரு மிளகாய்கூடக் கிள்ளிப் போடாமல், இரண்டு மணிக்கு ஒருதரம் அரைக் கிண்ணம் தூக்கிக்கொண்டு போவாள், பத்தியப் பட்டியல் எதுவும் அவளிடம் இல்லை.

இப்போது பட்டியல்களுக்குக் குறைச்சலில்லை. போன் பண்ணுகிற சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாகக் கத்தரிக்காயை, மீனை, முட்டையை நிறுத்தச் சொல்கிறார்கள், சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது, உடம்பு தானாகவே மாவுச்சத்தையும் புரதத்தையும் சர்க்கரையாக்கிக்கொள்ளும் என்பதால் பட்டினி கிடப்பது நோயாளிதான், கட்டி இல்லை. ரத்தத்தில் வெள்ளணு கவுன்ட் குறைகிற நாட்களில் பச்சைக் காய், கடை ஜூஸ், அரைவேக்காட்டு முட்டை வேண்டாம், நன்றாக வெந்த முட்டையும் மீனும் பருப்பும் தாராளமாகக் கொடுங்கள், வாய் புண்ணானால் உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள், மற்றபடி எது இறங்குதோ அது, இவ்வளவுதான் டயட்டீஷியன் பெண் சொன்னது. கூடவே டப்பாவில் வெனிலா மணக்கும் புரோட்டீன் பவுடரும் எழுதிக்கொடுத்தாள், வேண்டியதுதான், ஆனால் அம்மா அதைக் குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை.

கருவாட்டு வாசனை வந்த மறுநாள் கூழ் கிண்டினேன். மாவை ராத்திரி புளிக்க வைக்கவில்லை, கவுன்ட் ஏறுகிற வரைக்கும் புளிக்க வைத்ததும் பழையதும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், அன்றன்றைக்குக் கிண்டி, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் விட்டுக் கரைத்தேன், பாக்கெட் மாவுக்குக் கேவரு வாசனையே இல்லை, நொய்யும் கடையில் கிடைக்காமல் அரிசியை மிக்ஸியில் உடைத்தது. "எங்கம்மா கூழ் இப்படியா இருக்கும்" என்றாள் அம்மா, கீழே பையன்கள் இன்றைக்கு என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டாள், ஒன்றும் சுடவில்லை, நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறார்கள் என்றேன், திட்டிக்கொண்டே முக்கால் டம்ளர் குடித்தாள்.

கீமோ மருந்தின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், அடுத்த தடவை மெஷினில் ஏற்றிப் பார்த்தபோது எடை இறங்கவில்லை, டாக்டர் பழைய அளவையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.