கடிகாரம் யார் கையில்?

18.12.2022, ஞாயிறு இரவு, அம்பத்தூர்

அர்ஜென்டினா கால்பந்து உலகக் கோப்பையைத் தூக்கிவிட்டது. எட்டரை மணிக்கு டிவி முன் உட்கார்ந்தவர்கள் யாரும் எழவில்லை. 80வது நிமிடம் வரை 2-0. பிறகு எதிரணியின் எம்பாப்பே இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டார். கூடுதல் நேரம் முடிந்தபோது 3-3, பெனால்டியில் 4-2. ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாத அம்மாவும் கடைசிவரை பார்த்தார். இந்த ஆட்டத்தில் பந்து வெளியே போனாலும் கடிகாரம் நிற்பதில்லை. வீணான நேரத்தை நடுவர்தான் கடைசியில் சேர்த்துக் கொடுக்கிறார்.

13.2.2023, திங்கள் காலை

அம்பத்தூர் எஸ்டேட்டில் அமெரிக்கக் கம்பெனிக்கு நைட் ஷிஃப்ட் பார்க்கும் அண்ணன் மகனுக்கு இன்று லீவு. ஐந்து மணிக்கே அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் பார்க்கக் கூப்பிட்டுவிட்டான். கன்சாஸ் சிட்டியும் பிலடெல்பியாவும். “நாலு சான்ஸ்ல பத்து யார்டு தாண்டணும் சித்தப்பா. தாண்டிட்டா மறுபடி நாலு சான்ஸ்.” அது புரிந்த பிறகு, சில நொடி ஓட்டமும் நீண்ட நிறுத்தமும் அலுக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுத்து ஓடுவார்களா, எறிவார்களா என்று மனம் கணக்குப் போடுகிறது.

ஸ்கோர் 35-35. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே பாக்கி. கன்சாஸின் மெக்கினன் பந்தோடு ஓடுகிறார், எல்லைக்கோடு கண்ணெதிரே. தொட்டால் ஆறு புள்ளி. கோட்டுக்குச் சற்று முன்னால் தானாகவே சறுக்கி உட்கார்ந்துவிட்டார்! “இப்பவே போட்டா, பதிலுக்கு அடிக்க அவங்களுக்கு டைம் கிடைச்சுடும் சித்தப்பா.” நேரத்தைக் கரைத்துவிட்டு, எட்டு நொடி மிச்சமிருக்கையில் அதே அணியின் பட்கரின் உதையில் மூன்று புள்ளி. 38-35.

19.2.2023, ஞாயிறு

ஒரு வாரமாக அந்தச் சறுக்கல்தான் மனதில் ஓடுகிறது. இரண்டு ஆட்டத்திலும் பக்கத்துக்குப் பதினொரு பேர். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. அமெரிக்க ஆட்டத்தில் நேரம் சிறுவாட்டுப் பணம் மாதிரி: எறிந்த பந்தைப் பிடிக்காமல் விட்டால் கடிகாரம் நிற்கும்; ஒவ்வொரு பாதியிலும் மூன்று டைம் அவுட் உண்டு; சேர்த்தும் வைக்கலாம், செலவழித்தும் தீர்க்கலாம். கோல் கம்பத்துக்கு முன்னால் தானாக உட்காரும் கால்பந்து வீரரை நான் பார்த்ததில்லை.

கைக்கெட்டிய புள்ளியை அணிக்காக விட்டுக்கொடுத்த மெக்கினனின் நிதானத்துக்கு என் வணக்கம். ஆனாலும் என் நெஞ்சு கால்பந்தின் பக்கம்தான். யாராலும் நிறுத்த முடியாத நேரத்தோடு ஓடி, அதற்குள்ளேயே இரண்டு கோலை ஈடுகட்டுவது எனக்கு அதைவிடப் பெரிய தைரியமாகப் படுகிறது.