போன எண்ணெய் எங்கே?

வேலை பழகிய காலத்தில் தூத்துக்குடியில் ஓர் ஐஸ் கம்பெனியில் இருந்தேன். அம்மோனியாவில் ஓடும் பெரிய கம்ப்ரசர். அதன் அடிப்பக்கத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி. எண்ணெய் மட்டம் அதில் பாதிக்கு நிற்க வேண்டும். ஒரு கோடையில் மட்டம் இறங்கிக்கொண்டே போனது. ஐஸ் கட்டி உறையவும் தாமதம். கடலுக்குப் போக வேண்டிய படகுகள் காத்துக் கிடந்தன. முதலாளி அவசரப்படுத்த, நான் எண்ணெய் டின்னும் கைப்பம்புமாக ஓடினேன்.

மேஸ்திரி அண்ணாச்சி டின்னை வாங்கி ஓரமாக வைத்தார். “ஊத்துறது இருக்கட்டும்லே. போனது எங்க கெடக்குன்னு பாத்தியா?”

கம்ப்ரசர் எண்ணெயை எரித்துத் தீர்ப்பதில்லை. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வாயுவோடு பொடித்துளியாகக் கிளம்பும் எண்ணெயில் பெரும்பகுதியை ஆயில் செபரேட்டர் பிடித்துத் திருப்பி அனுப்பும். தப்பியது குளிர்க்குழாய்களுக்குப் போய்விடும். நாங்கள் ஊற்றிய மினரல் ஆயில் அம்மோனியாவில் கரையாது. திரவ அம்மோனியாவைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கிவிடும். அங்கே படிந்த எண்ணெய், ஐஸ் அச்சுகளைச் சுற்றி நிற்கும் உப்புத் தண்ணீருக்குக் குளிரைக் கடத்தவிடாது. மட்டம் இறங்கியதும் ஐஸ் தாமதித்ததும் ஒரே நோய் என்று அன்றுதான் விளங்கியது.

முகமூடி மாட்டி, காற்று வரும் பக்கமாக நின்று வடித்தோம். கறுத்து, நுரைத்து வந்தது. எண்ணெய் தீர்ந்த நொடியில் அம்மோனியா பீறிட்டு வரும் என்பதால் வால்வை விட்டுக் கையை எடுக்க அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. பிறகு செபரேட்டரைப் பிரித்தார். உள்ளே மிதவை வால்வு அழுக்கில் சிக்கியிருந்தது. அதைத் துடைத்துப் பூட்டிய பின்புதான் புது எண்ணெய், அதுவும் கண்ணாடியில் பாதி வரைக்கும். அதற்கு மேல் போனால் எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறி வால்வுத் தகட்டை உடைத்துவிடும். ஊற்றியது எவ்வளவு, வடித்தது எவ்வளவு என்று நோட்டில் எழுதச் சொன்னார். இரண்டு கணக்கும் ஒட்டி வந்தால் இயந்திரம் நலம்.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கும் வந்தது. மகனுக்கு மதிப்பெண் குறைந்தபோது இன்னொரு டியூஷன் வைக்கலாம் என்றார்கள். உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டேன். கரும்பலகை தெரியவில்லை என்றான். மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம்.

இன்றைய ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றிவருகிறது. பழைய ஆர்-12 வாயுவுக்கு மினரல் ஆயில். ஆர்-134ஏவுக்கு பாலியோல் எஸ்டர். இது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஆகவே திறந்து கிடந்த டின்னிலிருந்து ஊற்றக்கூடாது. வாயு கசிந்தால் எண்ணெயும் சேர்ந்து கசிந்து, அந்த இடத்தில் பிசுக்காகப் படியும். உங்கள் வீட்டு ஏசிக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும், கேஸ் அடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தப் பிசுக்கை முதலில் காட்டச் சொல்லுங்கள்.