பெரிது நன்றோ?

பெரிய பொருளைக் கண்டு வியத்தல் மக்கட்கு இயல்பு. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரைக் காண நெல்லை நகரமே திரள்கின்றது. ஆயின் தேர் பெரிதாதல் மட்டும் போதாது. வடம் பிடிக்கும் கைகளும் அதற்கேற்பப் பலவாதல் வேண்டும். கைகள் குறையின் தேர் நிலைக்கு வாராது தெருவிலேயே நிற்கும். இவ்வுண்மையை ஓர் ஆகாய விமானத்தின் வரலாறு நம் காலத்தில் உலகிற்கு விளக்கிற்று.

ஐரோப்பாவின் ஏர்பஸ் கம்பெனியார் இயற்றிய ஏ-380 என்னும் அவ்விமானம் 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதன்முறை வானிற் பறந்தது. 2007 அக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. முன்னிருந்து பின்வரை நீண்ட இரண்டு தட்டுகள், நான்கு எஞ்சின்கள், ஏறத்தாழ ஐந்நூறு இருக்கைகள்! நெருக்கி அமர்த்தின் 853 பேர் வரை ஏற்றலாம் என அனுமதியும் பெற்றது. இத்தகைய பேருருவ விமானங்கள் ஆயிரத்திற்கு மேல் வேண்டப்படும் என அக்கம்பெனியார் கணித்தனர். விற்றனவோ 251. இறுதி விமானம் 2021 டிசம்பரில் ஒப்படைக்கப்பட்டது.

இதற்குக் காரணம் யாது? விமானத்தின் இருக்கை அங்காடி மீனை ஒப்பது. இன்று விலைபோகாதது நாளை விலைபோகாது. ஐந்நூறு இருக்கைகளை நாடோறும் நிரப்பவேண்டிக் கட்டணத்தைத் தாழ்த்தினால் இலாபம் மெலியும். நான்கு எஞ்சின்களும் எரிபொருளை மிகுதியாக உண்டன. அதன் பேருடலுக்கேற்பத் திருத்தப்படாத நிலையங்கள் அதனை ஏற்க இயலவில்லை. 2011-இல் பணிபுகுந்த போயிங் 787 முதலிய இரண்டெஞ்சின் விமானங்களோ, இருநூறு முந்நூறு பேரை ஏற்றி, நடுவழியில் மாறியேறும் தொல்லையின்றி நேரே ஊர் சேர்த்தன.

நம் நாட்டிலும் 2005-இல் கிங்ஃபிஷர் கம்பெனியார் ஐந்து ஏ-380 விமானங்கட்கு ஆர்டர் கொடுத்தனர். ஒன்றேனும் வருமுன் 2012-இல் அக்கம்பெனியே பறத்தலை நிறுத்திற்று. 2014-இல் டில்லி, மும்பை, ஹைதராபாத், பெங்களூர் ஆகிய நான்கிடங்களில் அவ்விமானம் இறங்க அரசினர் இசைந்தபோது சென்னை அவ்வரிசையில் இல்லை. நம் வாகைக்குளத்திற்கோ ஏறத்தாழ எழுபது பேர் ஏறும் சிறு விமானமே பல்லாண்டு வந்து சென்றது. சிறிதாயிருந்தமையாலேயே அது வரவும் இயன்றது.

எனினும் பெரிதாதலே பிழை என்றல் நேர்மையன்று. துபாயின் எமிரேட்ஸ் கம்பெனியார் 123 விமானங்களை வாங்கினர். அவற்றுட் பெரும்பாலானவற்றை இன்றும் நடத்துகின்றனர். பல திசைப் பிரயாணிகளும் துபாயிற் கூடி மாறியேறுதலால் அவர்தம் இருக்கைகள் நிரம்புகின்றன. கூட்டம் கூடுமிடத்தில் பெரிது நன்று.

இவற்றை யாம் ஆராயப் புகுந்தது வெறும் வியப்பினால் அன்று. அம்பாசமுத்திரத்தில் எம் தந்தையார்க்கு இரண்டு வேன்கள் உள. எம் கல்லூரிச் சம்பளமும் தங்கையின் பள்ளிச் சம்பளமும் அவற்றின் வருவாயே. அவ்விரண்டையும் விற்று, பாங்கியிற் கடன் பெற்று, ஐம்பது பேர் ஏறும் பஸ் ஒன்று வாங்கத் தந்தையார் எண்ணியுள்ளார். திருமண வீட்டார் பஸ்ஸையே கேட்கின்றனர் என்பது அவர் வாதம். டிரைவர் ஒருவரே போதும் என்பதும் உண்மையே. யாம் சென்ற ஆண்டின் கணக்கேட்டைப் புரட்டினோம். முகூர்த்த நாட்களும் குற்றாலச் சாரற்காலமும் நீங்கலாக, இரு வேன்களையும் ஓரிடத்திற்கே வேண்டினார் மிகச் சிலர். ஏனைய நாட்களில் ஒன்று பாபநாசத்திற்கும் மற்றொன்று திருநெல்வேலிக்குமாக வெவ்வேறு திசையில் ஓடியே பொருளீட்டின. கடன் தவணையோ வண்டி ஓடாத மாதத்திற்கும் உண்டு.

அன்பர்காள்! ஒரு பொருளின் அளவை வியக்குமுன் அதனை நிரப்புவார் எத்துணையர் என எண்ணுதல் நம் கடன். யாம் எழுதிய கணக்கைத் தந்தையார் நெடுநேரம் நோக்கினார். பின், “முகூர்த்தமில்லாத மாதங்களைத் தனியே எழுதிக் கொண்டு வா” என்றார். ஆடி, புரட்டாசி, மார்கழி, எம்மவர்க்கு லெந்து நாட்கள் என ஒவ்வொன்றாக எழுதிவருகின்றோம். பாங்கியின் விண்ணப்பத்தாள் இன்னும் கையொப்பமின்றியே இருக்கின்றது.