வாசற்பலகை

ஊரை விட்டு வெளியூர் வந்து குடியேறும் தமிழ்க் குடும்பம் தன்னோடு கொண்டுவரும் பொருள்கள் சிலவே. பித்தளைப் பானை ஒன்று இருக்கும். சாமி படம் ஒன்று இருக்கும். வாசலுக்கு ஒரு பலகை இருக்கும். பானை அடுக்களைக்குள்ளும் படம் பூசை மாடத்துக்குள்ளும் அடங்கிவிடும். பலகை ஒன்றுதான் வெளியே நின்று, உள்ளிருப்போர் இன்னார் என்பதை வழிப்போக்கருக்கு உரைக்கும். அத்தகைய பலகை ஒன்றை இக்காலத்து இயந்திரத்தின் உதவியால் புதிதாகச் செய்வித்தோம். பிறருக்கும் பயன்படலாம் என்று கருதி அவ்விவரத்தை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

பெயர்ப்பலகையின் அருமை இரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நமக்குச் சற்று அதிகமாகவே தெரியும். சயான் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மராத்தியில் அதன் பெயர் 'ஷீவ்'. எல்லை என்பது அச்சொல்லின் பொருள். ஒரு காலத்தில் பம்பாய்த் தீவின் எல்லை இங்கேதான் இருந்தது. ஆங்கிலத்தில் அது வேறு விதமாக ஒலிக்கும். நாமோ சயான் என்கிறோம். இறங்கவேண்டிய இடம் இதுதான் என்ற தெளிவு, தான் அறிந்த எழுத்தில் பெயரைக் கண்ட பிறகே பிரயாணிக்கு உண்டாகிறது.

வீட்டுக்கும் இது பொருந்தும் என்பதை நம் அன்னையாரின் நிலையால் அறிந்தோம். நாம் வசித்த பழைய சால் கட்டடம் இடிக்கப்பட்டு, ஏழாம் மாடியில் புதுவீடு கிடைத்தது. மாடிக்கு எட்டுக் கதவுகள். எட்டும் ஒரே நிறம், ஒரே அமைப்பு. கதவெண்ணோ மேல்மூலையில் சிறிதாக ஒட்டப்பட்டது. கண்ணில் புரை படர்ந்த அன்னையாருக்கு அது புலப்படாது. ஒரு நாள் மின்தூக்கி ஆறாம் மாடியில் நின்றுவிட, அன்னையார் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, திறந்தவர் முகத்தைக் கண்டு திகைத்துத் திரும்பியிருக்கிறார்கள். அன்று முதல் தனியே கீழே இறங்குவதையே விட்டுவிட்டார்கள். கோயிலும் நின்றது, பக்கத்துக் கட்டடத்துத் தோழிமாரோடு பேசுவதும் நின்றது.

பழைய வீட்டு வாசலில் 'முருகன் துணை' என்று எழுதிய பலகை ஒன்று இருந்தது. மறைந்த நம் தகப்பனார் தாராவியில் பெயிண்டர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்தது அது. பல மழைக்காலங்களில் நனைந்து மரம் உளுத்துவிட்டது. எழுத்து மட்டும் ஒருவாறு நின்றது. அதையே புது மரத்தில் பொறிப்பிப்பது என்று முடிவு செய்தோம்.

தாராவியில் சிறு பட்டறை ஒன்றை அணுகினோம். அங்கே இருவகை இயந்திரங்கள் இருந்தன. லேசர் இயந்திரம் ஒளியின் வெப்பத்தால் அறுப்பது. மெல்லிய பிளைவுட்டுக்கு ஏற்றது. வெட்டிய ஓரம் கருகும். சி.என்.சி. இயந்திரம் சுழலும் வெட்டுமுனையால் மரத்தைக் குடைவது. கணினி இட்ட கட்டளைப்படி அம்முனை முன்பின்னும், இடவலமும், மேல்கீழும் நகர்ந்து எழுத்தைச் செதுக்கும்.

பட்டறையார் முதலில் லேசரால் எழுத்துகளைத் தனித்தனியே அறுத்துத் தந்தனர். 'ன்' என்ற எழுத்தின் புள்ளி உடலோடு ஒட்டாதது அல்லவா? அது அறுந்து இயந்திரத்தின் அடியில் விழுந்து காணாமற்போக, முருகன் 'முருகன' ஆகிவிட்டான்! மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுதினோர் பெரும்பாலும் புள்ளியிடாமலே விட்டனர். ஓலைக்கு நேர்ந்த சங்கடம் லேசருக்கும் நேர்ந்தது கண்டு சிரித்துக்கொண்டோம். செதுக்குவதாயின் புள்ளி மரத்திலேயே குழியாக நிற்கும்; தொலைய வழியில்லை.

அடுத்த சங்கடம் கணினியில் வந்தது. பட்டறைக் கணினி தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாமல், ஐகாரக் குறியைப் பிடுங்கி 'ண'வுக்குப் பின்னே வைத்தது. எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் கோட்டுச் சித்திரமாக மாற்றி அனுப்புவதே இதற்குப் பரிகாரம். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். அதில் வேறொரு வசதியும் உண்டு: புகைப்படத்திலிருந்தே எழுத்தின் ஓரத்தைக் கோடாக எடுத்துத் தரும்.

இவ்வசதி நமக்குப் பெரிதும் உதவியது. ஏனெனில் பழைய பலகையில் 'துணை' என்பதன் 'ணை' பழைய வடிவில், யானைத் துதிக்கை போல் மேலே வளைந்திருந்தது. பெரியார் 1935ஆம் ஆண்டிலிருந்து தம் 'குடிஅர'சில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களை, எம்.ஜி.ஆர். அரசு 1978ஆம் ஆண்டில் ஏற்று ஆணையிட்டது. அதன்பின் பாடநூல்களிலிருந்து துதிக்கை மறைந்தது. இன்றைய கணினி எழுத்துருக்களில் பெரும்பாலானவை புதிய வடிவையே தரும்.

வீட்டில் இதுபற்றி வழக்கு எழுந்தது. ஒன்பது வயதாகும் நம் மகள், "அப்பா, எங்க தமிழ் வகுப்புல இப்படி ஒரு எழுத்தே இல்லையே, எனக்குப் படிக்க வரல்லையே" என்றாள். அன்னையாரோ, "எய்யா, உங்க ஐயா எழுதி வச்ச துணை இதுதான். இதை மாத்திட்டா நம்ம வாசலுன்னு எனக்கு எப்படித் தோணும்?" என்றார்கள். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. தீர்ப்பை அன்னையாரே வழங்கினார்கள். பேத்தியை அருகில் அமர்த்தி, சீர்திருத்தத்தால் மாறிய பதின்மூன்று எழுத்துகளையும் பழைய வடிவில் எழுதிக் காட்டினார்கள். இரண்டே மாலைகளில் அவள் கற்றுக்கொண்டாள். "ஆச்சி, யானை எழுத்தையே வையுங்க" என்று அவளே சொன்ன பிறகு, புகைப்படத்தின் கோட்டையே பட்டறைக்கு அனுப்பினோம்.

மரத்துக்குத் தேக்கையே தேர்ந்தோம். எம்.டி.எஃப். பலகை மலிவுதான், ஆனால் நீர் பட்டால் ஊதிவிடும், பம்பாய் மழைக்கு அது தாங்காது. வெட்டுமுனை வட்டமானதால் உள்மூலைகளைக் கூராக வெட்ட அதனால் இயலாது. 3 மில்லிமீட்டர் முனை 1.5 மில்லிமீட்டர் வளைவை விட்டே செல்லும். மூலை மிகுந்த எழுத்துகளுக்கு இது குறை. வளைவே அழகாய் உடைய தமிழெழுத்துக்கு இது குறையாகத் தோன்றவில்லை.

மகாராஷ்டிர அரசு 2022ஆம் ஆண்டில் திருத்திய சட்டப்படி கடைப்பலகைகளில் மராத்தி இருத்தல் வேண்டும். வீட்டு வாசலுக்கு அவ்விதி இல்லை. ஆயினும் அயலாரும் தபால்காரரும் நமக்கு வேண்டியவர்களே ஆதலின், குடும்பப் பெயரை மராத்தியிலும் கீழே பொறிப்பித்தோம்.

பலகை மாட்டிய அன்று அன்னையார் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தார்கள். குழிந்த கோட்டின் வழியே விரல் சென்று, துதிக்கையின் வளைவில் சற்று நின்றது. இப்பொழுது மாலைதோறும் கோயிலுக்குத் தனியே போய் வருகிறார்கள். திரும்புகையில் முதலில் பலகையைத் தொட்டுவிட்டே மணியை அழுத்துகிறார்கள்.

தாராவியிலும் சயானிலும் பழைய கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிந்து வருகின்றன. சுவரோடும் கதவோடும் நம் முன்னோர் எழுதுவித்த எழுத்துகளும் மண்ணாகின்றன. இடிப்பதற்கு முன் அவற்றை நேராக நின்று, நல்ல வெளிச்சத்தில், ஒரு புகைப்படமேனும் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கோடு கையிலிருந்தால் மரம் எப்பொழுது வேண்டுமாயினும் கிடைக்கும்.