முதல்ல எல்லாரும் இறங்குங்க

என் சித்தப்பாவிடம் ஒரு சின்ன ஃபைபர் படகு இருந்தது. பள்ளி விடுமுறை விட்டால் தைப்பிங்கிலிருந்து எங்களைக் கோலா செப்பெத்தாங்கிற்கு மீன் பிடிக்க அழைத்துப் போவார். படகுத்துறைக்கு வந்ததும் பிள்ளைகள் நாங்கள் படகில் தாவி ஆளுக்கொரு இடம் பிடித்துவிடுவோம். பின்னாலேயே அவர் குரல் வரும்.

"எண்ணெய் ஊத்தணும். முதல்ல எல்லாரும் இறங்குங்க."

பிடித்த இடம் போய்விடுமே என்று எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். அவர் கண்டுகொள்ள மாட்டார். சிவப்பு டாங்கியை என்ஜினிலிருந்து கழற்றித் தூக்கி வந்து, துறைப் பலகைமேல் வைப்பார். வாயைச் சுற்றி ஒரு பழைய துணி. புனல் டாங்கியின் விளிம்பைத் தொட்டபடியே இருக்க வேண்டும். இருபது லிட்டருக்கு 400 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய். கழுத்து வரை ஒருநாளும் நிரப்ப மாட்டார். வெயிலில் பெட்ரோல் விரியும், அதற்கு இடம் வேண்டும் என்பார். கடைசியில் மண்டியிட்டுப் படகின் அடிப்பகுதியை மோந்து பார்ப்பார். அதைப் பார்த்து நாங்கள் சிரிக்காத நாள் இல்லை.

முட்டி வலி வந்த பிறகு படகை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் கோலாலம்பூரில் வேலை செய்கிறவன். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை போனால் அதிகம். யூடியூப் பார்த்து என்ஜினைச் சர்வீஸ் செய்யக் கற்றுக்கொண்டேன். எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை. அலுவலக நண்பர்கள் இருவர், என் மகள், நான். அவளுக்கு அப்போது எட்டு வயது. தண்ணீர் வற்றுவதற்குள் கிளம்ப வேண்டும் என்ற அவசரம். டாங்கியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவானேன் என்று படகிலேயே வைத்து, தோம்பிலிருந்து அப்படியே சாய்த்து ஊற்றினேன். விளிம்பு வரை நிரப்பினேன். அந்த நேரம் பார்த்து ஒரு மீன்பிடிப் படகு வேகமாகக் கடந்து போனது. அலை அடித்தது. எங்கள் படகு ஆடியதில் தோம்பு கையிலிருந்து நழுவி, ஒரு லிட்டருக்கும் மேலாகப் பெட்ரோல் கொட்டிவிட்டது. பாதி படகுக்குள், பாதி ஆற்றில். தண்ணீர்மேல் வானவில் மாதிரி ஒரு படலம் விரிந்துகொண்டே போனது.

"பரவாயில்ல லா, கிளம்பினா காத்துல காஞ்சிடும்" என்று ஒரு நண்பர் என்ஜினைக் கிளப்பக் கயிற்றில் கை வைத்தார்.

"ஜாங்கான்! ஜாங்கான் ஸ்டார்ட்!"

பக்கத்துப் படகிலிருந்த ஒரு பாக்சிக். கத்திய கத்தில் நண்பர் கயிற்றை விட்டுவிட்டார். நால்வரையும் மேலே ஏறச் சொன்னார். யாரும் போனைத் தொடக்கூடாது, பேட்டரி ஒயரையும் தொடக்கூடாது என்றார். டாங்கியின் மூடியைத் தானே இறுக்கினார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே எழுந்து போய்விடாது. படகுக்குள் தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு சின்னத் தீப்பொறி போதும். என்ஜினைக் கிளப்பும்போது அந்தப் பொறி வரலாம். புனல் விளிம்பைத் தொட்டபடி இருக்க வேண்டும் என்று சித்தப்பா சொன்னதும் இதற்காகத்தான். எண்ணெய் ஓடும்போது உண்டாகும் நிலைமின்சாரம் இடைவெளி இருந்தால் பொறியாகப் பாயும்.

பதற்றத்தில் நான் அடுத்த தப்பைச் செய்யப் போனேன். ஆற்றில் மிதந்த படலத்தின்மேல் ஊற்றலாம் என்று பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்தேன். பாக்சிக் என் கையைப் பிடித்துக்கொண்டார். சோப்பு ஊற்றினால் பளபளப்பு மறையும், எண்ணெய் மறையாது. துளித்துளியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். "கீழே போனா கெராங் சாப்பிடும், அப்புறம் நீ சாப்பிடுவே" என்று மலாயில் சொல்லி, ஆற்று முகத்துவாரம் இருந்த பக்கம் கையைக் காட்டினார். அங்கேதான் கெராங் வளர்க்கிறார்கள். நம் கடலிலும் ஆற்றிலும் எண்ணெய் விடுவதை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். அன்று எனக்குப் புரிந்தது கெராங் கணக்கு மட்டும்தான்.

படகுக்குள் இருந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தோம். துணிகளைக் குப்பைத் தொட்டியில் போடாமல், ஆள் நடமாட்டம் இல்லாத வெட்டவெளியில் விரித்து வைக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கடைசியில் அவரே மண்டியிட்டுப் படகின் அடியை மோந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு நாங்கள் கடலுக்குப் போகவும் இல்லை.

இரவு சித்தப்பாவை அழைத்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"பிள்ளை எங்கடா உட்கார்ந்திருந்துச்சு?"

டாங்கிக்குப் பக்கத்தில். அதை நான் சொல்ல அவ்வளவு நேரம் ஆனது.

அடுத்த வாரமே எண்ணெயை மட்டும் உறிஞ்சும் வெள்ளை விரிப்புகள் வாங்கினேன். தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெயை விடாது. விலை ஒன்றும் பெரிதில்லை. ஒன்று டாங்கிக்கு அடியில், ஒன்று கைக்கு எட்டும் இடத்தில். மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. விரிப்பைப் பிடித்துக்கொண்டு துறைப் பலகையில் நிற்பது அவள் வேலை. போன மாதம் புதிதாக வந்த நண்பர் ஒருவர் நேராகப் படகில் இறங்கிக் கால் நீட்டி உட்கார்ந்தார்.

"அங்கிள், எண்ணெய் ஊத்தணும். முதல்ல இறங்குங்க" என்றாள்.

அவர் முகத்தில் தெரிந்த எரிச்சல் எனக்குப் பழக்கமானதுதான்.