காதில் செருகிய பென்சில்

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை காலமை எங்கட வட்ஸ்அப் குழுவில் ஒருத்தன் ஒரு படத்தைப் போட்டான். கீழே ஒன்றும் எழுதேல்லை. முதல் பதில்: "இவர் சாம்பாருக்குள்ள மீனைக் கண்ட சமையல்காரர் எல்லே?" அடுத்தது: "தெனாலியில வாற டொக்டர்." மூன்றாவது: "எங்கட அம்மா பாத்த சீரியல்ல அப்பா." பெயர் வர ஏழெட்டு மெசேஜ் போயிட்டுது. டெல்லி கணேஷ். முதல் நாள் இரவு சென்னையில் காலமாகிவிட்டார். வயது 80.

நாங்கள் நாலு பேர். படம் பார்க்கிறதும் அதைப் பற்றிக் கதைக்கிறதும், இடைக்கிடை குறும்படம் எடுக்கிறதும்தான் எங்கட வேலை. எந்தப் படத்துக்கு யார் ஒளிப்பதிவு, யார் எடிட்டிங் என்றெல்லாம் பெரிசா வாய் காட்டுவம். 400க்கும் மேற்பட்ட படங்களில் நடித்த ஒருத்தரின் பெயர் எங்களுக்கு உடன வரேல்லை என்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தில் அன்றைக்குப் பின்னேரமே ஒரு வீட்டில் கூடினோம். லப்டொப்பில் அவருடைய படங்களைத் தேடித் தேடிப் பார்க்கத் தொடங்கினோம். அது மூன்று கிழமை போனது.

வீட்டுக்காரப் பெடியன்ர அம்மா பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களோடயே இருந்து மைக்கேல் மதன காமராஜன் பார்த்தா. 1990 தீபாவளிக்கு வந்த படம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத அந்த வருசங்களில், ஆரோ ஒரு வீட்டு முற்றத்தில் ஜெனரேட்டர் போட்டு டெக்கில் ஓட்டினபோதுதான் அவ முதல் பார்த்தவவாம். "மண்ணெண்ணை முடியமுதல் படம் முடியவேணும் எண்டு கும்பிட்டுக்கொண்டு பாத்தனாங்கள்" என்றா. கல்யாண வீட்டுச் சாம்பாருக்குள் மீன் கிடக்கும் காட்சி வந்ததும், நாங்கள் சிரிக்கமுதல் அவ சிரிக்கத் தொடங்கிட்டா.

அந்தக் காட்சியைத் திருப்பித் திருப்பி ஐந்து தரம் போட்டோம். பாலக்காட்டு மணி ஐயர் என்ற சமையல்காரர் அவர். பிறந்தது வல்லநாட்டில், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஆனால் வாயைத் திறந்தால் பாலக்காட்டுத் தமிழ். நகைச்சுவைக் காட்சி என்று அவருக்கு ஆரும் சொல்லாத மாதிரித்தான் நடிக்கிறார். கிரேசி மோகன் எழுதின வசனம் எங்களுக்குப் பகிடி, மணி ஐயருக்கு மானப் பிரச்சினை. சைவப் பந்தியில் மீன் போனால் அந்த மனுசனுக்கு இனி எந்தக் கல்யாணமும் கிடைக்காது. அந்தப் பயம் முகத்தில் இருக்கிறபடியால்தான் எங்களுக்குச் சிரிப்பு அடங்குதில்லை. அதே சிங்கீதம் சீனிவாசராவும் கமலும் முதல் வருசம் எடுத்த அபூர்வ சகோதரர்களில் இவர் நாலு வில்லன்களில் ஒருத்தர். ஒரு வருச இடைவெளியில் அந்த முகம் எப்படி இப்படி மாறியது என்று எங்களில் ஒருத்தன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அவருடைய கதை நேராகச் சினிமாவில் தொடங்கவில்லை. 1964 முதல் 1974 வரை, பத்து வருசம், இந்திய விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் மேடை ஏறினார். பிறகு சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நாடகம். விசு எழுதிய பட்டினப் பிரவேசம் நாடகத்தை கே. பாலசந்தர் 1977இல் படமாக்கியபோது இவரும் திரைக்கு வந்தார். கணேசன் என்ற பெயருக்கு முன்னால் 'டெல்லி'யைப் போட்டு விட்டதும் பாலசந்தர்தான். மாதச் சம்பளம் வருகிற அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு முப்பது வயதில் நடிக்கப் போவது எவ்வளவு பெரிய விசயம் என்று எங்கட வீடுகளில் இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இறந்த பிறகு விமானப்படையினர் வந்து மரியாதை செய்த காணொளியைப் பார்த்தோம். சினிமாக்காரர் வீட்டு வாசலில் சீருடையோடு நின்றார்கள்.

இரண்டாம் கிழமை பசி பார்த்தோம். துரை இயக்கி 1979இல் வந்தது. ஷோபாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம் என்று மட்டும் தெரியும். அதில் ஷோபாவின் அப்பா, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர், டெல்லி கணேஷ். அவருக்கும் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. சினிமாவுக்கு வந்து ரெண்டு வருசம்தான் ஆகியிருந்தது, இருந்தும் அந்த ஆள் ஏதோ பிறந்ததில இருந்து ரிக்‌ஷா மிதித்தவர் மாதிரி இருக்கிறார். அதற்கடுத்து சிந்து பைரவி, 1985. மிருதங்க வித்துவான் குருமூர்த்தி. குடித்துவிட்டு மேடைக்கு வந்து, மணம் பிடிபட்டு, ஜே.கே.பி. அவரை இறங்கிப் போகச் சொல்வார். மிருதங்கம் இல்லாமலே கச்சேரி நடக்கும். படத்தின் கதை ஜே.கே.பி.யுடையது. பின்னால் அதே ஜே.கே.பி. குடியில் விழும்போது எங்களுக்கு ஞாபகம் வந்தது மேடையில் இருந்து எழும்பின மிருதங்கக்காரரின் முகம்தான்.

அந்த இடத்தில் எங்களில் ஒருத்தி படத்தை நிப்பாட்டினாள். "கவனிச்சியளா? இவருக்கு எல்லாப் படத்திலும் ஒரு தொழில் இருக்கு."

உண்மைதான். சமையல், மிருதங்கம், ரிக்‌ஷா, தெனாலியில் பஞ்சபூதம் என்ற டொக்டர். கதாநாயகனுக்குத்தான் காதல், சண்டை, பாட்டு. பக்கத்தில் நிற்கிறவருக்குக் கிடைப்பது நாலு காட்சி. அந்த நாலு காட்சிக்குள் இவர் தன் ஆள் எதைச் செய்து சோறு தின்கிறான் என்பதைக் கையிலும் நடையிலும் கொண்டுவந்துவிடுகிறார். எங்கம்மா மகாராணி என்ற படத்தில் கதாநாயகனாகவும் நடித்திருக்கிறார், 1981இல். அது எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தெனாலியைப் பற்றி நாங்கள் தனியாக ஒரு கட்டுரை எழுதவேண்டும். கமல் கதைக்கிற எங்கட தமிழ் சரியா பிழையா என்ற சண்டை எங்கட வீடுகளில் 2000ஆம் ஆண்டில் இருந்து நடக்குது. இப்போதைக்கு ஒன்று மட்டும்: அந்தச் சண்டையிலும் டெல்லி கணேஷைப் பற்றி ஆரும் கதைத்ததில்லை. ஒரு பொறாமைக்கார டொக்டர் தன் தொந்தரவை இன்னொருத்தர் தலையில் கட்டிவிடாவிட்டால் அந்தப் படத்தில் கதையே இல்லை.

எல்லாம் நல்ல படங்கள் என்று பொய் சொல்லமாட்டோம். அந்த நானூறில் எங்களால் பத்து நிமிடம்கூட இருந்து பார்க்க ஏலாதவையும் உண்டு. கஸ்தூரி, செல்லமே மாதிரி சன் ரீவி தொடர்களிலும் அவரைப் பார்த்துத்தான் எங்கட அம்மம்மாமார் வயதுபோனார்கள். சீரியல்களில் அப்பாமாருக்கு ஒரு கதிரையும் ஒரு பேப்பரும்தான் கொடுப்பார்கள், தொழில் கொடுப்பதில்லை. அவர் அதையும் செய்தார். வேலை என்று வந்ததைச் செய்கிற மனுசன். பிறகு யூரியூப் காலம் வந்தபோது, பேரப்பிள்ளை வயதுப் பெடியள் எடுத்த குறும்படங்களிலும் வந்து நடித்தார். பேட்மேன் சென்னையில் இருந்தால் எப்படியிருக்கும் என்ற பகிடி வீடியோ ஒன்றில் அவர்தான் ஆல்பிரட்.

அந்த வீடியோவைப் பார்த்த இரவுதான் எங்களுக்குள் கதை நின்றது. ஏனென்றால் எங்களுக்கும் ஒருத்தர் வந்திருந்தார்.

2023இல் ஒரு போட்டிக்காகப் பதினான்கு நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். வெளிநாடு போகக் காத்திருக்கும் மகன், அவனுடைய அப்பா. அப்பாவுக்கு நடிக்க, காத்தவராயன் கூத்தும் மேடை நாடகமும் ஆடி நாற்பது வருசம் போன ஒரு ஐயாவைக் கேட்டோம். காசு தர ஏலாது என்று முதலே சொன்னோம். பஸ் ஏறி வந்தார். மூன்று சேட்டு மடித்துக் கொண்டுவந்து, எது பொருந்தும் என்று கேட்டார். பிறகு கேட்டார், "தம்பியவை, இந்த மனுசன் என்ன வேலை செய்யிறவர்?"

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். "அப்பா ஐயா. அப்பாதான்."

"அது விளங்குது. என்ன தொழில்?"

"ஏதாவது வைச்சுக்கொள்ளுங்கோ ஐயா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எங்கட கணக்குக் கொப்பியில் இருந்த பென்சிலைக் கேட்டு வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். "அப்ப தச்சு வேலை" என்றார். அன்று முழுக்க, வசனம் இல்லாத இடங்களிலும் கதவு நிலையைத் தடவிப் பார்த்துக்கொண்டும், மேசைக் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டும் இருந்தார். எங்களுக்கு அது தேவையில்லாத வேலையாகப் பட்டது. எடிட்டிங்கில் 'ஸ்லோவா இருக்கு' என்று சொல்லி ஒவ்வொன்றாக வெட்டினோம். கடைசியில் மிஞ்சியது ஒரு வசனமும், பின்தலை தெரிகிற ஒரு ஷொட்டும். படம் திரையிட்ட அன்று அவர் வெள்ளை வேட்டி கட்டி முன் வரிசையில் இருந்தார். முடிந்ததும் கை குலுக்கிவிட்டு, கடைசி பஸ் போயிடும் என்று போய்விட்டார். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இந்த முறை பழைய ஹார்ட்டிஸ்க்கைத் தேடி எடுத்தோம். வெட்டினது எல்லாம் கிடந்தது. இரவு இரவாக இருந்து இரண்டு நிமிடம் நாற்பது செக்கன்களைத் திருப்பிப் போட்டோம். மகன் போன் கதைத்துக்கொண்டிருக்க, பின்னால் அப்பா மேசைக் காலுக்கு அடியில் ஒரு கடதாசித் துண்டை மடித்து வைக்கிறார். அவ்வளவுதான். மகன் போன பிறகும் அந்த மேசை ஆடாது. முன்பு எங்களுக்கு அது கண்ணில் படவேயில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரண்டு மோட்டார்சைக்கிளில் ஐயா வீட்டுக்குப் போனோம். திண்ணையில் லப்டொப்பை வைத்துப் போட்டுக் காட்டினோம். மன்னிப்புக் கேட்பதற்கு வசனம் எல்லாம் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தோம். அவர் கண்ணாடியைப் போட்டு, ஒரு சொல்லும் கதைக்காமல் பார்த்தார். முடிந்ததும் திருப்பிப் போடச் சொன்னார். ஒரு இடத்தில் கையை நீட்டி நிப்பாட்டச் சொன்னார்.

"இதில பென்சில் வலது காதில. அங்கால இடது காதில. ஏன் தம்பியவை, நீங்கள் ஒருத்தரும் பாக்கேல்லையே?"

நாங்கள் பார்க்கவில்லை. மூன்று இரவு இருந்து வெட்டி ஒட்டியும் பார்க்கவில்லை.

"சரி, இன்னொருக்காப் போடுங்கோ" என்றார். உள்ளே பார்த்து மனுசியைக் கூப்பிட்டார்.