உப்புக்குக் கூரை... ஆளுக்கு?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் தூங்கிவிடாதீர்கள். முத்தையாபுரம் பக்கம் வெள்ளை வெளேரென்று குன்று குன்றாக... முன் சீட் வாண்டு, "அப்பா, ஸ்னோ!" என்று கத்தியது. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது!

அத்தனையும் உப்பு ஸார். 'அம்பாரம்' என்பார்கள். அக்டோபர் மாசம். மழைக்கு முன்னால் அம்பாரங்களுக்குப் பனை ஓலை வேய்ந்துகொண்டிருந்தார்கள். ஆர்வக்கோளாறில் இறங்கிவிட்டேன்.

"எதுக்கு அண்ணாச்சி உப்புக்குக் குடிசை?"

கணக்கப்பிள்ளை முறைத்தார். "கரைஞ்சு போனா நீங்களா தருவீய?"

அப்புறம் பாடமே எடுத்தார். அம்பாரத்தைச் சரிவாகக் குவிக்கணும். உச்சியில் தண்ணீர் தங்கக் கூடாது. ஓலையைக் கீழேயிருந்து மேலாக அடுக்கணும். தார்ப்பாய் என்றால் காற்றில் பறக்காமல் கயிறும் மணல் மூட்டையும் வேண்டும். மூடியதோடு முடிந்ததா? ஒவ்வொரு மழைக்கும் சுற்றி வந்து ஓட்டை தேடணும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருக்கும் தண்ணீரையே இழுக்கிற சாமான் அது!

மங்கோலியாவில் 'கெர்' என்று வட்டக் கூடாரம் உண்டு. பனி கொட்டினால் கூரையிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கணும். இல்லாவிட்டால் கனத்தில் கூடாரம் உட்கார்ந்துவிடும். அங்கே கூரைக்குள்ளே மனுஷன். இங்கே கூரைக்குள்ளே உப்பு, மனுஷன் வெளியே!

அந்தக் கூரையும் 2023 டிசம்பரில் தோற்றது. 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. சென்னைக்கு ஒரு வருஷத்தில் கிடைப்பதில் பாதிக்கும் மேல்! ஓலை, மேலேயிருந்து விழும் மழையைத் தடுக்கும். கீழேயிருந்து ஏறுகிற வெள்ளத்தை?

"அடியில இருந்தே தின்னுட்டுது தம்பி" என்றார் கணக்கப்பிள்ளை.

பி.காமில் இதற்கு 'அப்நார்மல் லாஸ்' என்று பெயர். ஒரே வரியில் எழுதி டோட்டல் போட்டுவிடுவோம். ஓலை எடுத்துக் கொடுத்த அக்கா சிரித்தார்: "அது மொதலாளி கணக்குல்லா? மழை வந்தா எங்களுக்குக் கூலியே கெடையாதே!"

அந்த மூன்று மாசத்துக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று 2022-ல் அரசு திட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். ஆனால் படித்த படிப்பு சும்மா இருக்குமா? 92 நாளால் வகுத்தேன். நாளைக்கு 54 ரூபாய் சொச்சம்.

மத்தியானம் ஓட்டலில் சாம்பாரில் உப்பு கம்மி. சர்வரைக் கூப்பிட வாயெடுத்தவன், பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.